கணவர்களுக்கான மசாஜ் வகுப்பு

பிப்ரவரி 3, செவ்வாய்

கம்பெனி கொடுத்த டைரி. அட்டையில் பளபளவென்று ஒரு லிஃப்ட் படம். நாங்கள் பராமரிக்கிற எந்த லிஃப்டும் அப்படி இல்லை. ஜனவரி முழுக்க வெற்றுப் பக்கமாகவே போய்விட்டது. இன்று எழுத விஷயம் இருக்கிறது.

காலையில் ஒரு வக்கீல் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார். நான்தான் கதவைத் திறந்து இறக்கினேன். நன்றி சொல்வார் என்று நின்றேன். என் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

மாலையில் மனைவியோடு மருத்துவமனை. பத்தொன்பதாவது வாரம். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. தாய்க்குத்தான் முதுகும் இடுப்பும் விட்டுப்போகிற மாதிரி வலி. டாக்டர் எழுதிக்கொண்டே, "மாத்திரை வேண்டாம். மசாஜ் பண்ணிக்கோங்க, நல்லா தூக்கமும் வரும்" என்றார். யாரோ பண்ணப்போகிறார்கள் என்று நானும் தலையை ஆட்டினேன். "எங்க பிசியோதெரபிஸ்ட் சனிக்கிழமை கிளாஸ் எடுக்கிறாங்க. புருஷன்மாருக்கு" என்றார்.

ஆட்டிய தலையை நிறுத்த நேரமாகிவிட்டது.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அவள் நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். வழியில் தொலைந்தால் தேவலை என்று இருந்தது. கணக்கு டீச்சர். இந்தப் பத்து வருடத்தில் ஒரு குண்டூசியைக்கூடத் தொலைத்ததில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

சீட்டு ஃபிரிட்ஜ் கதவில். காந்தம் வைத்து. நேராக.

பிப்ரவரி 7, சனி

மருத்துவமனை மாடியில் ஒரு பெரிய அறை. தரையில் ஏழு பாய், இருபதுக்கும் மேலே தலையணைகள். பிசியோ சின்ன உருவம். பேச ஆரம்பித்தால் அறை சின்னதாகிவிடுகிறது. முதலில் எல்லோர் கையையும் நீட்டச் சொன்னார். என் கையைப் புரட்டிப் பார்த்தார். நகக்கண்ணில் இருக்கும் கிரீஸ் என் பிறவி அடையாளம், மண்ணெண்ணெய்க்கே போகாதது.

"என்ன வேலை?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"நல்ல கைதான். பயந்துட்டு இருக்கு" என்றார்.

கைக்கு எப்படிப் பயம் வரும்? கேட்கவில்லை.

முதல் ஒரு மணி நேரம் மனைவிமாரைத் தொடக்கூடாதாம். கணவர்கள் இரண்டு இரண்டு பேராக ஒருவர் முதுகை ஒருவர் பிடிக்க வேண்டும். ஏழு பேரில் ஒருவர் மிஞ்ச, அவர் பிசியோவிடமே மாட்டினார். என் பங்குக்கு ஒரு குண்டு மனிதர் வந்து குப்புறப் படுத்தார். என் மனைவி நாற்காலியிலிருந்து எட்டி என் காதில், "அவர்தான் எங்க ஸ்கூல்ல டைம்டேபிள் போடுறவர்" என்றாள்.

அவர்தானா.

அந்தப் பள்ளிக்கூடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊரில் பாதிப் பேரை ஏற்றி இறக்குகிறவனின் மனைவி, வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு நான்கு தடவை மூன்று மாடி ஏறுகிறாள். அந்த நான்கு வகுப்பையும் மூன்றாவது மாடியில் போட்ட கை, இதோ என் முன்னால் பாயில் கிடந்தது. முதுகோடு சேர்ந்து.

"பலமா வேண்டாம். மெதுவா, நிதானமா" என்றார் பிசியோ, என் பக்கம் பார்த்து.

சுவரோரமாக ஏழு கர்ப்பிணிகள் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தார்கள். வயிறு குலுங்க அப்படிச் சிரிப்பது அவர்களுக்கு நல்லதா என்று யாரும் டாக்டரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

வீட்டுப்பாடம் உண்டு. தினமும் மாலை இருபது நிமிடம். நேற்று வேலை அலுப்பு என்றேன். இன்று கையில் வெட்டுக்காயம் என்றேன். வெட்டுக்காயம் உண்மை. அதன் நீளம் அரை சென்டிமீட்டர்.

எண்ணெய்ப் புட்டியைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். திறக்காத புட்டி. இருவரும் அதைச் சுற்றி நடக்கிறோம்.

பிப்ரவரி 14, சனி

இரண்டாம் வகுப்பு. பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, வயிற்றுக்குக் கீழே ஒன்று, முதுகுக்கு முட்டாக ஒன்று. முதுகெலும்பின் மேல் கை போகக் கூடாது. அதன் இரண்டு பக்கமும்தான். வயிற்றில் அழுத்தவே கூடாது. காலை லேசாகக் கீழிருந்து மேலே நீவலாம்.

டைம்டேபிள்காரர் இன்று இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு இடத்தில் கை பட்டதும், "அங்கதான், அங்கதான் சார்" என்றார். கட்டி மாதிரி இறுகியிருந்தது.

"மாடி ஏறுவீங்களா சார்?" என்று கேட்டேன்.

"இல்லையே. என் ரூம் கீழதான்."

"அப்ப இது மாடி ஏறி வந்ததில்ல."

நான் கையை எடுக்கவில்லை. பிறகு அவர் பாய்க்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டு, "உங்க வீட்டம்மா எங்க ஸ்கூல்தானே?" என்றார். ஆமாம் என்றேன்.

"எந்த மாடி?"

"நீங்க சொல்லணும் சார்" என்றேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

டீச்சருக்கு எல்லா வகுப்பும் தரைத்தளத்துக்கு வந்துவிட்டதாம். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "அவரை என்ன பண்ணீங்க?" என்றாள்.

"தோளைப் பிடிச்சேன்."

"கழுத்தையா?"

"தோளைத்தான்."

சிரித்தாள். ரொம்ப நாளாயிற்று. பிறகு சும்மா கேட்கிற மாதிரி, "ஊரார் முதுகெல்லாம் பிடிக்கிறீங்க" என்றாள். நான் கை கழுவப் போனேன்.

பிப்ரவரி 18, புதன்

மாமியார் போன் செய்தார். ஏதேதோ பேசிவிட்டு, "மசாஜ் கிளாஸுக்கு எல்லாம் போறீங்களாமே மாப்பிள்ளை" என்றார். ஆமாம் அத்தை என்றேன். "பார்த்து" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஒரு வார்த்தை போதும். சரி, எழுதிவிடுகிறேன். எழுதினால் என்ன ஆகிவிடும்?

மூன்று வருடத்துக்கு முன்னால், அவளுக்கு ஆறாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். முதுகு வலிக்கிறது என்றாள். பிடித்துவிட்டேன். ஒரு மணி நேரம் இருக்கும். மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. பையன்.

நஞ்சுக்கொடியில் கோளாறு, அது பல நாளாகவே இருந்திருக்கிறது, இதில் யார் தப்பும் இல்லை என்று டாக்டர் சொன்னார். காகிதத்திலும் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம் பீரோவில் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு வராந்தாவில் மாமியார் என்னிடம், "முதுகைப் பிடிச்சு விட்டீங்களாமே? எங்கயாவது பலமா கை வச்சிட்டீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதற்குக் காகிதம் கிடையாது.

எங்கள் தொழிலில் ஏதாவது அறுந்து விழுந்தால் முதல் கேள்வி, கடைசியாகக் கை வைத்தது யார் என்பதுதான்.

அன்றிலிருந்து அவள் முதுகைத் தொட்டதில்லை. மற்றபடி நாங்கள் கணவன் மனைவிதான். அதற்கு அத்தாட்சி இருபத்தோரு வாரமாக வளர்ந்துகொண்டிருக்கிறது. முதுகு மட்டும் — அந்தப் பக்கம் போனதில்லை. அவளும் கேட்டதில்லை. இப்படி ஒரு ஒப்பந்தம் நாங்கள் போட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் இரண்டு பேருமே மீறவில்லை.

பிப்ரவரி 21, சனி

வகுப்பில் பிசியோ ஒவ்வொரு மனைவியாகக் கேட்டார்: இந்த வாரம் எத்தனை நாள் பிடித்துவிட்டார்? ஒருத்தி மூன்று என்றாள், ஒருத்தி விரலை மடக்கி ஒன்றரை என்றாள். டைம்டேபிள்காரரின் மனைவி, "அவருக்கு நான்தான் பிடிச்சுவிட்டேன்" என்றாள். கடைசியில் என் மனைவி.

"தினமும்" என்றாள்.

முகத்தில் ஒரு சலனம் இல்லை. பத்து வருடமாகப் பிள்ளைகள் காப்பியடிப்பதைப் பிடிக்கிறவள்.

திரும்பும் வழியில் இருவரும் டிராஃபிக்கைப் பற்றிப் பேசினோம். இன்று டிராஃபிக்கே இல்லை.

பிப்ரவரி 23, திங்கள்

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பிசியோவைப் பார்க்கத் தனியாகப் போனேன். மருத்துவமனை லிஃப்ட் வேறு கம்பெனியுடையது. இரண்டாவது மாடியில் லேசாக உதறுகிறது. மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு முழுதும் கேட்டார்.

"முதுகைப் பிடிச்சதால நஞ்சுக்கொடிக்கு எதுவும் ஆகாது. அப்படி ஆகும்னா பஸ்ல போன எந்தப் பொம்பளைக்கும் குழந்தை பொறந்திருக்காது" என்றார். "டாக்டர் சொன்னாரா இதை?"

"சொன்னார்."

"நம்பலையா?"

"நம்பினேன். கைதான் நம்பல."

என் கையைப் பிடித்துத் தன் முன்கை மேல் வைத்தார். அழுத்தச் சொன்னார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். "இவ்வளவுதான். இதுக்கு மேல வேண்டாம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க" என்றார். பிறகு, வந்ததற்கு ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டும் என்பது போல, இதனால் என்னென்ன நன்மை என்று சொன்னார். முதுகு வலி இறங்கும், தூக்கம் வரும், கால் கனம் குறையும், பதற்றம் தணியும். யாருடைய பதற்றம் என்று கேட்டிருக்கலாம்.

"அவங்ககிட்ட இதைப் பேசினீங்களா?"

"எதை?"

"சரி, போய் வேலையைப் பாருங்க" என்றார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

புட்டியைத் திறந்தேன்.

சத்தம் கேட்டு, நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவள் சிவப்புப் பேனாவை மூடிவைத்தாள். தானே தலையணைகளை எடுத்து அடுக்கி, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். என் உள்ளங்கையில் எண்ணெய் சூடாகிக்கொண்டே இருந்தது, கை இறங்கவில்லை. "இன்னும் கிரீஸ் போடுறீங்களா?" என்றாள் சுவரிடம்.

வைத்தேன்.

பன்னிரண்டாவது நிமிடம் குறட்டை. இருபது நிமிடம் என்பது பாடத்திட்டம். மீதி எட்டு நிமிடத்தைத் தூங்குகிறவளுக்கே செய்தேன். பிறகு எண்ணெய்க் கையோடு, எதையும் தொட முடியாமல், நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு. என் வேலையே அதுதானே.

பிப்ரவரி 25, புதன்

காலையில் எழுந்ததும் அவள் வயிற்றைப் பார்த்தேன். இருக்கிறது. உதைக்கிறது. மாலையில் மறுபடி செய்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

இருபத்து நாலு வாரம் முடிந்தது. பையன் தாண்டாத கட்டம். இருவருமே இன்று லீவு போட்டிருந்தோம், தனித்தனியாக, தற்செயலாக.

மார்ச் 28, சனி

வகுப்பு முடிந்துவிட்டது. சான்றிதழ் கொடுத்தார்கள். படித்த காலத்தில் வாங்காததை நாற்பத்தோரு வயதில், முதுகு பிடித்து வாங்கியிருக்கிறேன். டைம்டேபிள்காரர் கட்டிப்பிடித்தார். இனி தோளுக்கு என்ன செய்வார் என்று கேட்டேன். "மனசாட்சி சரியானதும் கொஞ்சம் இறங்கியிருக்கு சார்" என்றார். நல்ல மனிதர்தான். பொறுப்பில் இருக்கும்போதுதான் தெரிவதில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

பெருமையாகச் சொல்ல வேண்டும் என்றால்: அவள் இப்போது ஆறு மணி நேரம் ஒரே மூச்சில் தூங்குகிறாள். கணுக்கால் வீக்கம் மாலையில் வடிகிறது. சம்பளத்துக்குச் செய்கிற வேலையில் யாரும் இப்படிக் கண்ணை மூடி "ஆங்…" என்று சொன்னதில்லை.

நான் இதைச் சும்மா விடுவேனா? ஆபீசில் இரண்டு பேருக்குக் கழுத்து பிடித்துவிட்டேன். மூன்றாவது ஆள் அவனே சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு வந்தபோது சூப்பர்வைசர் கூப்பிட்டு, "இது லிஃப்ட் கம்பெனி" என்று நினைவுபடுத்தினார். போகும்போது, ஐந்தரைக்கு மேல் ஓய்வாக இருப்பேனா என்று கேட்டார்.

மே 11, திங்கள்

மாமியார் வந்துவிட்டார். இரண்டு பெட்டி, ஒரு தையல் மிஷின். மாலையில் நான் எண்ணெய்ப் புட்டியை எடுத்ததும் கதவோரம் வந்து நின்றார். என் கை எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றார். விபத்து நடந்த கட்டடத்துக்கு வரும் இன்ஸ்பெக்டர்கள் இப்படித்தான் நிற்பார்கள்.

"அம்மா, போய் உட்காரேன்" என்றாள் அவள்.

"நிக்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்ல."

இருபது நிமிடமும் நின்றார்.

மே 24, ஞாயிறு

இன்றும் நின்றார். இன்று நாற்காலி கொண்டுவந்து போட்டேன். உட்கார்ந்து பார்த்தார்.

ஜூன் 20, சனி

பெண். நேற்று மாலை ஐந்தே காலுக்கு. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அழுகையைப் பொறுத்தவரை குறைவு எதுவும் இல்லை.

காலை பத்து மணியிலிருந்து அவள் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இருந்தேன். வலி வரும்போது அழுத்தம், போனதும் லேசாகத் தடவல். பிசியோ சொல்லிக் கொடுத்தது. ஏழு மணி நேரம். நடுவில் தண்ணீர் குடிக்க ஒரு நிமிடம் கையை எடுத்தேன். பத்து வருடத்தில் அவள் வாயிலிருந்து வராத ஒரு சொல் வந்தது. நர்ஸ், "கையை எடுக்காதீங்க சார்" என்றார். எடுக்கவில்லை.

மருத்துவமனைக் கழிவறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். கையைக் குழாய்த் தண்ணீரில் காட்டினேன். ஏழு மணி நேர வேலை, சூடு தணிய வேண்டாமா.

ஜூன் 27, சனி

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் தொட்டிலைப் பார்க்கிறார்கள். மூக்கு யாரைப் போல என்று விவாதம். பெற்றவள் சோபாவில் ஓரமாக இருக்கிறாள், வந்தவர்கள் கைப்பை வைக்கிற இடத்தில். அவர்கள் போனதும் அழுகிறாள். ஏன் என்றால் தெரியவில்லை என்கிறாள். பால் கொடுத்துக் கொடுத்துத் தோளும் கழுத்தும் கல்லாகிவிட்டன.

பிசியோவுக்குப் போன் செய்தேன். "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க. தோள், கழுத்து, கை. பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷம் குழந்தை வேற யார்கிட்டயாவது இருக்கணும், அதுதான் முக்கியம்" என்றார். "அழுகை ரெண்டு வாரத்துக்கு மேல போனா வந்து பாருங்க. அதுக்கு மசாஜ் மட்டும் போதாது."

குழந்தையை மாமியாரிடம் கொடுத்தேன். பத்து நிமிடம். நடுவில் அவள், "யாரோ என்னைப் பார்க்க வந்த மாதிரி இருக்கு" என்றாள்.

ஜூலை 1, புதன்

இதை மருத்துவமனையில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரியை ஏன் எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை. கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். குழந்தையின் பைக்குள் ஸ்பேனர்கூட இருக்கிறது.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். இடது கெண்டைக்கால் நேற்றிலிருந்து வலி என்றாள். படுத்தே இருக்கிறோமே, அதனால் இருக்கும் என்றாள். மாமியார் ஏற்கனவே எண்ணெயைச் சூடுபடுத்திக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார். முதல் முறையாக அவரே, "கொஞ்சம் நல்லா தேய்ச்சு விடுங்க மாப்பிள்ளை" என்றார்.

இத்தனை நாள் கதவோரம் நின்று பார்த்தவர். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. கையில் எண்ணெயை ஊற்றிவிட்டேன்.

ஊற்றிய பிறகுதான் காலைப் பார்த்தேன். வலது கால் சாதாரணமாக இருந்தது. இடது மட்டும் உருண்டையாக, தோல் மினுமினுவென்று. புறங்கையை வைத்தேன். சுட்டது.

"இதைத் தேய்க்கக் கூடாது" என்றேன்.

"வலிக்குதுங்க. கொஞ்சமா தேய்ங்க போதும்."

"வேண்டாம். கிளம்பு. ஆஸ்பத்திரி போகணும்."

"கால் வலிக்கு ஆஸ்பத்திரியா?" மாமியார் குரல் ஏறியது. "ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் கை வைக்கத் தெரியுது, பெத்த உடம்புக்காரி கேட்டா மட்டும் முடியாதா? தள்ளுங்க, நான் தேய்க்கிறேன்."

கிண்ணத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். மாமியாரிடமிருந்து. எண்ணெய் தரையெல்லாம். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை — அத்தை, இந்தக் காலை யாரும் தொடக் கூடாது, நீங்களும் கூடாது, நானும் கூடாது. குழந்தை வீறிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வை — மறுபடியும் ஆரம்பித்துவிட்டான் என்கிற பார்வை. மறுபடியும் கை வைக்கப் பயப்படுகிறான் என்று.

பயம்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பயம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் கையை எடு, ஓடு.

தப்பாக இருந்தால்? ஒன்றுமில்லாத கால் வலிக்கு இத்தனை கலாட்டா என்று ஆனால்? ஆகட்டும். ஆகட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஸ்கேன் அறைக்குள் இருக்கிறாள்.

ஜூலை 2, வியாழன்

ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியிருக்கிறது, தொடைவரை. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வருமாம். ஊசி ஆரம்பித்துவிட்டார்கள். சரியாகிவிடும், பாலும் கொடுக்கலாம் என்கிறார் டாக்டர். "யாரும் காலைத் தேய்க்கலையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லதாப் போச்சு. தேய்ச்சிருந்தா கட்டி பிரிஞ்சு நுரையீரலுக்குப் போயிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். காப்பி ஆறிவிட்டது என்று சொல்கிற குரல்.

பக்கத்தில் மாமியார் நின்றிருந்தார்.

ஐந்து மாதம் கையைப் பழக்கினேன். பாராட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றதற்கு.

ஜூலை 4, சனி

மருத்துவமனை வராந்தா பெஞ்சில் நானும் மாமியாரும். அவர் மடியில் குழந்தை.

"எண்ணெயை நான்தான் சுட வச்சேன்" என்றார்.

"தெரியாம செஞ்சதுதானே அத்தை."

"தெரியாமத்தான் எல்லாமே சொல்றோம், செய்யறோம்." குழந்தையின் துணியைச் சரிசெய்தார். சரியாகத்தான் இருந்தது. "அப்ப ஒரு நாள், இதே மாதிரி ஒரு வராந்தாவுல, உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். அது கேட்டிருக்கக் கூடாது மாப்பிள்ளை."

ஏதாவது சொல்ல வேண்டும். பரவாயில்லை என்று சொல்லலாம். பரவாயில்லையாக இருந்ததில்லை.

"காபி வாங்கிட்டு வரேன்" என்றேன். "சர்க்கரை கம்மியா" என்றார். எதிரே இருந்த கடைக்குப் போனவன் திரும்பி வர அரை மணி நேரம் பிடித்தது. முகம் கழுவ வேண்டியிருந்தது.

ஜூலை 9, வியாழன்

வீடு. ஊசி தினமும் நானே போடுகிறேன். இதற்கும் ஒரு சான்றிதழ் கொடுத்திருக்கலாம்.

ஜூலை 22, புதன்

கால் வீக்கம் வடிந்துவிட்டது. கால் பக்கமே போகக் கூடாது, தோளும் கழுத்தும் முதுகும் லேசாகச் செய்யலாம் என்று டாக்டர் நேற்று அனுமதி கொடுத்தார். அவள் அழுகையும் குறைந்திருக்கிறது. அதற்காகத் தனியாக ஒரு டாக்டரிடம் இரண்டு தடவை போய்வந்தோம்.

இன்று மாலை, மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனதும், தலையணைகளை அடுக்கினேன். சுவரைப் பார்த்துப் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கா?" என்றாள்.

எந்த ஞாயிறு என்று கேட்கவில்லை.

"அன்னிக்குக் காலையிலேர்ந்தே உள்ள ஏதோ சரியில்லைன்னு எனக்குத் தெரிஞ்சது. அசைவே இல்ல. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா நிஜமாயிடும்னு இருந்தது. நீங்க முதுகு பிடிச்சீங்களே, அந்த ஒரு மணி நேரம்தான் பயமில்லாம இருந்தேன்."

என் கை நின்றுவிட்டது.

"நிறுத்தாதீங்க" என்றாள். "அப்புறம் நீங்க முதுகைத் தொடவே இல்ல. நான் முன்னாடியே சொல்லாததாலதான் போச்சுன்னு நீங்க நினைக்கிறதா நினைச்சேன். கோபம்னு நினைச்சேன்."

"என் கையாலதான் போச்சுன்னு நான் நினைச்சேன்."

"உங்க கையாலயா?"

திரும்பி என்னைப் பார்த்தாள். கணக்குத் தப்பாகப் போட்ட பையனைப் பார்க்கிற மாதிரி. பிறகு இரண்டு பேரும் — எழுத வரவில்லை. மூன்று வருடம் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், ஆளுக்கு ஒரு குற்றத்தைத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறோம். ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை.

அந்தப் பையனைப் பற்றிப் பேசினோம். என்ன பெயர் வைத்திருப்போம் என்றுகூட. இங்கே எழுத மாட்டேன்.

மாமியார் வந்து பார்த்துவிட்டு, குழந்தையோடு இன்னொரு சுற்றுப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

காலையில் மாமியாரின் கழுத்து. அவர் கேட்கவில்லை. நாற்காலியை எனக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, செய்தித்தாளைப் பிரித்தார். அவ்வளவுதான் விண்ணப்பம். பத்து நிமிடத்தில் செய்தித்தாள் மடியில் விழுந்தது.

மத்தியானம் மகள். பிசியோ காட்டிக் கொடுத்தபடி, இரண்டு விரலால், உள்ளங்காலில். அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று தெரியவில்லை. என் மேல் ஒன்றுக்குப் போனாள்.

சாயங்காலம் மனைவி. முடித்துவிட்டு நிமிர்ந்தேன், நிமிர முடியவில்லை. நேற்று ஒரு மோட்டாரை இழுத்துப் போட்டதில் இடுப்பில் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்றுமில்லை என்றேன்.

"திரும்பிப் படுங்க" என்றாள்.

"உனக்கு இதெல்லாம் தெரியாது. கிளாஸ் போனவன் நான்."

"எட்டு சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்தவ நான். படுங்க."

படுத்தேன். எண்ணெயைக் கையில் சூடுபடுத்தாமல் அப்படியே ஊற்றினாள். சில்லென்றது. அழுத்தம் அதிகம், நிதானம் போதாது, முதுகெலும்பின் மேலேயே போகிறாள். எல்லாமே தப்பு. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எழுந்தபோது விடிந்திருந்தது. இதைத் திங்கள் காலையில் எழுதுகிறேன், வேலைக்கு அரை மணி நேரம் தாமதமாக.